அச்சம் ஆசானாகுமா?
‘ஒன் எல்’ நூல் பற்றிய ஓர் ஆய்வு

கல்வியைப் பற்றி ஆசிரியர்கள் எழுதிய நூல்கள் பல. கல்வி அதிகாரிகள் எழுதிய அறிக்கைகள் அவற்றினும் பல. கற்றவன் தான் கற்றபோது பட்டதை உள்ளது உள்ளவாறே எழுதிய நூல்களோ மிகச் சில. உணவின் சுவையைச் சமைத்தவன் மட்டும் கூறினாற் போதாது. உண்டவனும் கூறுதல் வேண்டும் அன்றோ? அவ்வாறு உண்டவன் கூற்றாக அமைந்த நூல்களுள் குறிப்பிடத்தக்க ஒன்று, ஸ்காட் டூரோ என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஒன் எல்’. ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் தாம் கழித்த முதலாண்டின் வரலாற்றை அவர் இதில் வரைந்துள்ளார். அங்கு முதலாண்டு மாணவரை ‘ஒன் எல்’ என்று அழைப்பது வழக்கம், அதுவே நூற்பெயராயிற்று.

சட்டம் பயில்வோருக்கு மட்டும் உரிய நூல் என்று தமிழாசிரியர் இதனை ஒதுக்கிவிடுதல் கூடாது. ‘அச்சுறுத்தினால்தான் மாணவன் படிப்பான்’ என்னும் கொள்கை இந்நாட்டு வகுப்பறைகளிலிருந்து முற்றும் நீங்கிவிடவில்லை. பிரம்பு குறைந்திருக்கலாம், பிரம்பை ஒத்த சொற்கள் குறையவில்லை. அறிவிற் சிறந்த மாணவரும், புகழிற் சிறந்த பேராசிரியரும், செல்வத்திற் சிறந்த கல்லூரியும் ஒருங்கு கூடிய ஓரிடத்தில் அச்சம் என்ன விளைத்தது என்பதை இந்நூல் காட்டுகின்றது. அங்கேயே அது நற்பயன் தரவில்லையாயின், வேறெங்கு தரும்?

கல்லூரியும் முறையும்

அமெரிக்க நாட்டில் சட்டக் கல்வி என்பது முதற்பட்டத்துக்குப் பின் தொடங்கும் தொழிற்கல்வியாகும். பட்டம் பெற்றோரே மூன்றாண்டுச் சட்டப் படிப்பிற் சேர்வர். பாஸ்டன் மாநகரை அடுத்து, சார்லஸ் ஆற்றின் மறுகரையில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்ட் அமைந்துள்ளது. அதன் சட்டக் கல்லூரி 1817இல் தோன்றியது. 1870இல் அதன் தலைமையை ஏற்ற கிறிஸ்டபர் கொலம்பஸ் லாங்டெல் என்பவர் 25 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்து, சட்டம் கற்பிக்கும் முறையையே மாற்றியமைத்தார்.

அவருக்கு முன் பேராசிரியர் விரிவுரை ஆற்றுவார். மாணவர் குறித்துக்கொண்டு மனப்பாடம் செய்வர். லாங்டெல் விரிவுரையை நீக்கினார். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து 1871இல் ஒப்பந்தச் சட்டத்துக்கு ஒரு நூல் ஆக்கினார். ‘தீர்ப்பைப் படித்து வா, அதன் நெறி யாது என்று நீயே கண்டு சொல்’ என்பது அவர் முறை. வகுப்பில் அவர் வினாவுவார், மாணவர் விடையிறுப்பர். வழக்காய்வு முறை எனப்படும் இஃது அமெரிக்கா முழுதும் பரவியது.

இம்முறையின் சிறப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1929இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநில உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று ஒப்பந்தச் சட்ட வகுப்புகளில் இன்றும் பெயர் பெற்றது. மின்கம்பியால் கை சுடப்பட்ட ஓர் இளைஞன். அக்கையை நூற்றுக்கு நூறு செம்மையாக்கித் தருவதாக உறுதி கூறிய ஒரு மருத்துவர். மருத்துவர் மார்புத் தோலை எடுத்துக் கையில் ஒட்டினார். கையோ முன்னிலும் கெட்டதோடு, உள்ளங்கையில் மயிரும் முளைத்தது. இளைஞனுக்கு உரிய இழப்பீடு எவ்வளவு? பட்ட நோவுக்கா? பழைய கைக்கும் புதிய கைக்கும் உள்ள வேறுபாட்டுக்கா? அன்றி, வாக்களிக்கப்பட்ட செம்மையான கைக்கும் கிடைத்த கைக்கும் உள்ள வேறுபாட்டுக்கா? கடைசியாகக் கூறியதே அளவுகோல் என்றது நீதிமன்றம். ‘ஒப்பந்தத்தை மீறியவன், வாக்களித்த நிலைக்கு ஈடு செய்தல் வேண்டும்’ என்று சூத்திரமாக மனப்பாடம் செய்தவன் ஓராண்டில் மறப்பான். அம்மூன்று வினாக்களுக்கும் இடையே தடுமாறித் தானே கண்டவன் என்றும் மறவான். ஆகவே, வினாவிக் கற்பித்தல் உயர்ந்த முறையே என்பதில் ஐயமில்லை. டூரோவும் இதனை மறுத்திலர். தம் அறிவு கூர்மை பெற்ற மகிழ்ச்சியை அவர் பல இடங்களில் மனமாரப் பதிவு செய்கின்றார். குறை முறையில் இல்லை. அம்முறையோடு கூடி வந்த பிறவற்றில் உள்ளது.

பெரினியின் வகுப்பு

டூரோ 1949இல் சிக்காகோவில் பிறந்தவர். 1975இல் ஹார்வர்டில் சேர்ந்தபோது அவருக்கு வயது 26, மணமானவர், அதற்கு முன் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை கற்பித்தவர். ஆசிரியராய் இருந்தவர் மீண்டும் மாணவராய்ப் பலகையில் அமர்ந்தார் என்பதே இந்நூலுக்குத் தனி மதிப்பை அளிக்கின்றது. கரும்பலகையின் இரு புறமும் நின்று பார்த்தவர் கண்ணுக்குத் தெரிவது, ஒரு புறமே நின்றவர்க்குத் தெரியாது.

நூலில் பேராசிரியர்க்கும் மாணவர்க்கும் புனைபெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. ஒப்பந்தச் சட்டம் கற்பிக்கும் பெரினி என்பவரே நூலின் நடுநாயகம். வகுப்பில் ஏறத்தாழ 140 மாணவர். யாரை எப்போது எழுப்புவார் என்று எவரும் அறியார். எழுப்பப்பட்டவர் அவ்வேளை முழுதும் வினாக் கணைகளுக்கு இலக்காக நிற்க நேரும். ஒரு விடைக்குள்ளிருந்தே அடுத்த வினா பிறக்கும். எந்த விடையும் முடிந்த விடையாகாது. பெரினியின் புலமையும் நாவன்மையும் மாணவரை மயக்கின. அவர் சினம் நடுக்கியது. பயிலாது வந்ததாகக் கூறிய ஒரு மாணவரை அவர் அனைவர் முன்னிலையிலும் இழிவுபடுத்த, மாணவர் கூடிக் கண்டன மடல் எழுதும் நிலைக்கு அது சென்றது. இளையவரான மோரிஸ் என்னும் மற்றொரு பேராசிரியர் அச்சுறுத்தலின்றி வகுப்பு நடத்தினார் என்பதையும் டூரோ காட்டுகின்றார். எனவே, வினாமுறைக்கு அச்சம் இன்றியமையாததன்று என்பதற்கு இந்நூலுள்ளேயே சான்று உளது.

இதனை ‘சாக்ரட்டீஸ் முறை’ என்று அங்குள்ளோர் வழங்குவர். அப்பெயர் பொருந்துமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிளேட்டோ காட்டும் சாக்ரட்டீஸ், தமக்கு ஒன்றும் தெரியாது என்று கூறிக்கொண்டு, வினாவப்படுவோனோடு சேர்ந்து தேடுபவர். பெரினியோ விடையைக் கையில் மூடி வைத்துக்கொண்டு வினாவுபவர். முன்னது தேடல், பின்னது வேட்டை.

தமிழாசிரியர் இங்கே நன்னூலை நினையாதிருத்தல் அரிது. ஆசிரியர் ஆகாதார்க்குப் பவணந்தி முனிவர் கூறிய உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. கருக்கு மட்டைகள் சூழ நிற்பதால் அப்பனையை எவரும் அணுகி ஏறிப் பழம் பறிக்க இயலாது. அது தானே உதிர்த்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பெரினி பழமற்ற பனையல்லர். கனிகள் நிறைந்த பனை. ஆயினும் கருக்கு மட்டை நீங்காத பனை. நல்லாசிரியர்க்கு நன்னூலார் நிலத்தையும் உவமை கூறினார். உழுபவன் முயற்சிக்கு ஏற்ப விளைவு தருவது நிலம். தன்னைத் தோண்டுபவனைப் பொறுப்பதும் நிலம். வினாவாசிரியருக்கு வேண்டிய குணம் இதுவே.

டூரோவுக்கு முன்னரே ஹார்வர்டில் பயின்ற ஜான் ஜே ஆஸ்பர்ன் 1971இல் ‘தி பேப்பர் சேஸ்’ என்னும் புதினத்தை எழுதினார். 1973இல் அது திரைப்படமாயிற்று. அதிற் கிங்ஸ்பீல்ட் என்னும் கொடும் பேராசிரியராக நடித்த ஜான் ஹவுஸ்மன் அமெரிக்கத் திரைத்துறையின் ஆஸ்கர் விருதைப் பெற்றார். விளைந்தது யாது? பார்த்தோர் அப்பேராசிரியரை வெறுக்கவில்லை, வியந்தனர். தேர்வு முடிவுத் தாளைப் பிரித்தும் பாராமல் காகித விமானமாக்கிக் கடலில் எறியும் மாணவனைக் காட்டிலும், கடுமுகம் காட்டிய பேராசிரியரே மக்கள் மனத்தில் நின்றார். கலை செய்த தீங்கு இஃது எனலாம். கொடுமையை அழகுபடக் காட்டினால், அதுவே இலக்கணமாகிவிடும். ‘ஒன் எல்’ அக்குற்றத்துக்கு ஆளாகவில்லை. பெரினியின் திறமையை மறைக்காமலே, அத்திறமைக்கு மாணவர் கொடுத்த விலையையும் அது கணக்கிடுகின்றது.

முக்காற்கூறு போனவாறு

இந்நூலைப் படிப்போர் பலரும் பெரினியைப் பற்றியே பேசுவர். நூலின் உயிர் அவரிடத்தில் இல்லை. அது மாணவர் தமக்குள் நடந்துகொண்ட முறையில் உள்ளது.

மாணவன் அறிவு நிரம்பும் வகையை நன்னூல் நான்கு கூறாகப் பிரிக்கின்றது. ஆசிரியர் கூறியதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகிப் பயிலுதலால் இன்னொரு காற்கூறு கிடைக்கும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் நிரம்பும். அஃதாவது, நான்கில் மூன்று பங்கு பிற மனிதரோடு கொள்ளும் நட்பாலும் கொடையாலும் வருவது.

ஹார்வர்ட் மாணவர் தொடக்கத்தில் இவ்வழியிலேயே சென்றனர். சிலர் சிலராகச் சேர்ந்து படிப்புக் குழுக்கள் அமைத்தனர். ஒருவர் அறியாததை மற்றவர் விளக்கினார். கடினமான பாடங்களுக்கு எல்லாரும் சேர்ந்து பாடச் சுருக்கம் எழுதினர். ஆனால், ஒவ்வொரு பாடத்துக்கும் பெரும்பாலும் ஆண்டிறுதியில் ஒரே தேர்வு; அதன் மதிப்பெண்ணே முடிந்த முடிபு. அம்மதிப்பெண்ணைக் கொண்டே சிறந்த மாணவர் நடத்தும் சட்ட ஆய்விதழில் இடமும், பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களில் வேலையும் அமையும் என்பது அன்றைய நிலை. தேர்வு நெருங்க நெருங்கக் குழு சுருங்கிற்று. நண்பர் போட்டியாளர் ஆயினர். எழுதிய பாடச் சுருக்கத்தைப் பிறரோடு பகிரலாமா என்னும் பேச்சு எழுந்தபோது, தாமே அதற்குத் தடையாக நின்றதை டூரோ ஒளியாமல் எழுதுகின்றார். பிறரைவிடத் தமக்கு ஒரு படி கூடுதல் வேண்டும் என்று தம் வாயே கூறக் கேட்டுத் தாம் திகைத்ததையும் எழுதுகின்றார்.

நூலின் சிகரம் இப்பகுதியே. பெரினி அம்மாணவரை நோக்கி ‘பகிராதே’ என்று ஒரு நாளும் கூறவில்லை. அச்சமும் வரிசைப்படுத்தலும் சேர்ந்து அதனைக் கூறாமற் கூறின. ஆசிரியர் தரும் காற்கூற்றுக்காக நடுங்கிய மாணவர், தமக்குள் பெற வேண்டிய முக்காற்கூற்றைத் தாமே இழந்தனர். ஆசிரியரைப் பழிக்கும் மாணவர் நூல்கள் எங்கும் உள்ளன. தன் நெஞ்சு திரிந்ததைத் தானே கண்டு எழுதிய மாணவர் நூல் அரிது. டூரோவின் பெருமை அதுவே.

நூலில் இல்லாத குரல்கள்

பெருமை கூறியபின் குறையும் கூறுதல் ஆய்வாளன் கடமை. இந்நூலை எழுதித் தருவதற்கு டூரோ கல்லூரியிற் சேருமுன்பே ஒரு பதிப்பகத்துடன் உடன்பட்டிருந்தார். ஆகவே, அவர் வகுப்பில் மாணவராக மட்டும் அமரவில்லை, பார்வையாளராகவும் அமர்ந்தார். துன்பம் நேரும்போதும் ‘இஃது ஓர் அதிகாரத்துக்கு உதவும்’ என்று எண்ண வல்லவனுக்கு அத்துன்பம் பாதியாகக் குறைந்துவிடும். கையில் எழுதுகோல் இல்லாமல் அமர்ந்திருந்த மற்றவர் பட்டது இன்னும் மிகுதியாக இருந்திருக்கலாம். பேச வல்ல ஒருவர் நூலை எழுதினார். வாய் திறவாது கடைசிப் பலகையில் ஆண்டைக் கழித்தவர் நூல் எழுதுவதில்லை.

அவ்வாய் திறவாதோருள் பெண்கள் பலர். ஹார்வர்ட் சட்டக் கல்லூரி 1950இல்தான் பெண்களைச் சேர்த்தது. 1956இல் சேர்ந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க், 500க்கு மேற்பட்ட மாணவர் கொண்ட தம் வகுப்பில் ஏறத்தாழ 9 பெண்களுள் ஒருவர். ஆடவர்க்கு உரிய இடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டது ஏன் என்று கல்லூரித் தலைவர் அப்பெண்களை விருந்துக்கு அழைத்துக் கேட்டதை அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார். பின்னர் அவர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1959இல் முதலிடத்தைப் பகிர்ந்து தேறினார். 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 2020இல் மறையும் வரை அப்பதவியில் இருந்தார். மடற்பனையின் கருக்கைத் தாண்டிய ஒருவரின் வரலாறு இது. தாண்டாதார் எத்தனை பேர்?

அவ்வினாவுக்கு விடை தேடியவர் லானி கினியர். அவரும் மிஷல் பைன், ஜேன் பேலின் ஆகிய இருவரும் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியை ஆராய்ந்து 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெண்கள் சேரும்போது ஆடவர்க்கு ஏறத்தாழ ஒத்த தகுதியோடே சேர்ந்தனர். முதலாண்டு முடிவிலோ, வகுப்பின் முதற் பத்திலொரு பங்கில் இடம்பெறும் வாய்ப்பு ஆடவர்க்கு மும்மடங்காயிற்று. பெண்கள் வகுப்பிற் பேசுவதும் குறைந்தது. ஓராண்டில் அவர் அறிவு தேய்ந்துவிட்டதா? தேய்ந்தது அறிவன்று, பேசும் துணிவு. ‘ஜென்டில்மேன் ஆதல்’ என்று பொருள்படும் தலைப்பை அவர்கள் அக்கட்டுரைக்கு இட்டனர். யேல் பல்கலைக்கழகத்தில் கினியர் மாணவியாக இருந்தபோது, பெண்களும் அமர்ந்திருந்த வகுப்பைப் பேராசிரியர் ஒருவர் ஆடவரை விளிக்கும் அச்சொல்லாலேயே விளித்து வந்தாராம். ‘ஒன் எல்’ காட்டாத பக்கத்தை இக்கட்டுரை காட்டுகின்றது. இரண்டையும் ஒருங்கே படிப்பவரே முழு உண்மையைக் காண்பர்.

பின்னர் நிகழ்ந்தவை

‘இத்துணை அச்சத்தினூடே பயின்றவர்கள் பெரிய வழக்கறிஞர்களாகவும் நீதிபதிகளாகவும் விளங்கினரே, ஆகவே முறை நல்லது’ என்பார் உளர். டூரோவே அரசு வழக்கறிஞராகப் பணியாற்றி, 1987இல் வெளிவந்த ‘பிரிசூம்ட் இன்னசென்ட்’ புதினத்தாற் பெரும் புகழ் பெற்றார். ஆனால், இவ்வாதம் நிரம்பாது. நாட்டின் தலைசிறந்த மாணவரைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் தேறியதைக் காட்டி ‘எம் முறையின் வெற்றி’ என்பது, நல்ல நிலத்து விளைச்சலைக் காட்டி மண்வெட்டியைப் புகழ்வது போலாம். தேறியவரைக் கொண்டு மட்டும் ஒரு முறையை அளத்தல் தவறு. இடையில் வாடியவரையும் எண்ணுதல் வேண்டும்.

கல்லூரிகளே இதனை உணரத் தொடங்கின என்பது மகிழ்ச்சிக்குரியது. 2007இல் கார்னகி கல்வி அறக்கட்டளை அமெரிக்கச் சட்டக் கல்வியைப் பற்றி ஓர் ஆய்வு நூல் வெளியிட்டது. வழக்கறிஞரைப் போல் எண்ணக் கற்பிப்பதில் வழக்காய்வு முறை வல்லது என்று அது பாராட்டிற்று. தொழிலைச் செய்யும் திறத்தையும், தொழிலுக்குரிய அறத்தையும் வளர்ப்பதிற் கல்லூரிகள் பின்தங்கின என்றும் இடித்துரைத்தது. 2008இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரி பழைய எழுத்து மதிப்பீட்டைக் கைவிட்டு, சிறப்புத் தேர்ச்சி, தேர்ச்சி என்றாற் போன்ற சில பெரும் பிரிவுகளை மட்டும் வைத்துக்கொள்ள முடிவு செய்தது. வரிசை முற்றும் ஒழிந்துவிடவில்லை; ஆயினும், மயிரிழை வேறுபாட்டுக்காக நண்பரை இழக்கும் தேவை குறைந்தது. வினாமுறை மட்டும் ஒழிக்கப்படவில்லை. ஒழிக்கப்பட வேண்டுவதும் அன்று.

முடிவுரை

இந்நூல் தமிழாசிரியர்க்குக் கூறுவது இரண்டு. ஒன்று, வினாவுதலைக் கைவிடாதீர் என்பது. கிளிப்பிள்ளை போல் ஒப்புவிக்கும் மாணவன் பெரினியின் வகுப்பில் ஒரு நாழிகையும் நிற்க மாட்டான். செய்யுளுக்குப் பொருளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் படியெடுக்கச் செய்யும் வகுப்பைவிட, ‘இச்சொல்லைப் புலவர் இங்கே ஏன் வைத்தார்?’ என்று கேட்கும் வகுப்பு பன்மடங்கு உயர்ந்தது.

மற்றொன்று, வினாவுக்குப்பின் வரும் அமைதியை எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்பதே ஆசிரியரின் தரத்தைக் காட்டும் என்பது. விடை தெரியாது நிற்கும் சிறுவனை நோக்கி ஏளனம் செய்தால், அவன் மட்டும் வாய் மூடுவதில்லை. வகுப்பு முழுதும் வாய் மூடும். அன்று முதல் விடை தெரிந்தவனும் அதனைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தர அஞ்சி ஒளிப்பான். முதல், இரண்டாம் என்று வரிசை எண்ணைச் சுவரில் ஒட்டி மகிழும் பள்ளி, தான் அறியாமலே மாணவரின் முக்காற்கூற்றைப் பறிக்கின்றது. அதற்கு மாறாக, தெரிந்தவன் தெரியாதவனுக்கு விளக்க ஒரு பாட வேளையில் பத்து நிமிடம் ஒதுக்கும் ஆசிரியர், இருவர்க்கும் அக்கூற்றைத் திரும்பக் கொடுக்கின்றார். இதற்குச் செலவும் இல்லை. மேலிடத்து ஆணையும் வேண்டியதில்லை.

ஹார்வர்டில் ஓர் அறிஞர் ஓராண்டு நடுங்கிக் கற்ற பாடம் இது. ‘ஒன் எல்’ நூலைப் படிக்கும் ஆசிரியர், பெரினியின் முகத்தில் தம் முகச்சாயல் ஏதும் உண்டா என்று ஒருமுறை நோக்குவாராயின், அந்நூல் எழுதப்பட்ட பயன் நிறைவேறியதாகும்.